முடிவெடுத்த காரியம் ஏன் கைக்கு வருவதில்லை? அப்பா பெயரிலேயே கிடக்கும் பத்திரங்களை வைத்து ஒரு விவாதம்

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். தள்ளிப்போடுவது பற்றிப் பேச்சு வந்தாலே படிப்பு, உடற்பயிற்சி, காலையில் சீக்கிரம் எழுவது என்றுதான் போகிறது. நான் தினமும் கண்ணெதிரே பார்க்கும் ஒரு விஷயத்தை வைத்துப் பேசலாமா?

வீட்டில் பெரியவர் இறந்த பிறகு செய்ய வேண்டிய காகித வேலைகளைச் சொல்கிறேன். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், மின் இணைப்புப் பெயர் மாற்றம், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் வருவார். என்னென்ன வேண்டும் என்று கேட்பார். ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வர்ற வாரம் எல்லாத்தையும் கொண்டு வந்துடுதேன்ணே" என்பார். மனதாரத்தான் சொல்கிறார். அப்புறம் அவரை நான் பார்ப்பது, வீட்டை விற்கவோ அடமானம் வைத்துக் கடன் வாங்கவோ வேண்டிய நெருக்கடி வரும்போதுதான். அதற்குள் பல வருடம் ஓடியிருக்கும்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்கும் அன்று நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பவரும் இதே மனிதர்தான். நடவுக்கு ஒரு நாள் பிந்த மாட்டார். என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். செலவும் தாங்கக்கூடியதுதான். இத்தனையும் இருந்தும் காரியம் நடப்பதில்லை.

இன்னொன்றையும் பார்க்கிறேன். அப்பா இறந்து வருடக்கணக்காகியும் அவருடைய சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார்கள். வங்கிச் செய்தி, மின்கட்டணச் செய்தி, ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது என்பதால் அந்த பட்டன் போனைச் சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அதாவது, தள்ளிப்போடுவதற்கே மாதாமாதம் உழைக்கிறார்கள்.

நட்டம் எப்படி ஏறுகிறது என்று தெரியாதவர்களுக்காக: அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு (அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு). நாலு கையெழுத்தில் காரியம் முடியும். சில வருடம் கழித்து அம்மா போய்விடுகிறார். அதன் பின் ஒரு மகன் தவறிவிடுகிறார். இப்போது அவருடைய மனைவி, பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ்.

முடிவெடுப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? அந்த இடத்தைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினீர்கள்? புத்திமதியாக இல்லாமல் நடந்ததைச் சொன்னால் என் மையத்துக்கு வருகிறவர்களுக்கும் பயன்படும்.

நூலகவாசி

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றித்தான். அவர் ஒரு வருடம் இந்தியாவில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ், ஊர் திரும்பும்போது விமானத்தில் சுமைக் கட்டுப்பாடு இருந்ததால் ஒரு பெட்டி நிறையத் துணியை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அதை அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இங்கே பார்சல் அனுப்பப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்று அகெர்லாஃப் கணக்குப் போட்டார். எட்டு மாதத்துக்கும் மேலாக, தினமும் காலையில் எழுந்து "நாளைக்கு அனுப்பிவிடலாம்" என்று முடிவெடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊர் திரும்பிய வேறொரு நண்பரின் சாமான்களோடு சேர்த்துத்தான் அந்தப் பெட்டி போனது. இவர்கள் இருவரும் 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அகெர்லாஃபின் விளக்கம் இது: இன்றைக்குப் படப்போகும் சிரமம் கண்ணுக்கு முன்னால் பெரிதாக நிற்கிறது. நாளைக்குப் படப்போகும் அதே சிரமம் மங்கலாகத் தெரிகிறது. ஒரு நாள் தள்ளிப்போடுவதால் வரும் நட்டமோ மிகச் சின்னது. ஆகவே, ஒவ்வொரு நாளும் தனியாக எடுத்துப் பார்த்தால் "நாளைக்கு" என்பதுதான் சரியான முடிவாகப் படுகிறது. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் நாள் ஒன்று வருவதே இல்லை.

உங்கள் வாடிக்கையாளருக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பட்டா மாற்றாமல் விட்டதால் இந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு எந்தக் குறையும் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வராது. கலந்தாய்வுக்குக் கடைசித் தேதி இருக்கிறது, நடவுக்குப் பருவம் இருக்கிறது. பட்டாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சிங்கைவாசி

நூலகவாசி சொல்வது என் விஷயத்தில் அப்படியே நடந்தது. அப்பா இறந்த பிறகு தம்பிக்குப் பவர் (என் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் (தூதரகம்) அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரு நாள் லீவு போடுவதையே தள்ளிக்கொண்டு போனேன். ஆனால் பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காரணம், வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்துக்கு அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஒரு தேதி இருந்ததால் தம்பி ஓடினான்.

ஆக, வெளியிலிருந்து வரும் கெடு வேலை செய்கிறது. நாமாகப் போட்டுக்கொள்ளும் கெடுவை நாமே எளிதாகத் தளர்த்திவிடுகிறோம். இன்னொருவரிடம் தேதி சொல்லிவிட்டால் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது. இது என் அனுபவம்.

வெட்டொன்று

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பொறுப்பு இருந்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். அப்பா சொத்தை அனுபவிக்கத் தெரிகிறது, தாலுகா ஆபீஸுக்கு ஒரு நாள் போகத் தெரியவில்லையா? நாலு பேர் முன்னால் கேட்டால் தானாக நடக்கும்.

பொன்னி

வெட்டொன்று, உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டும் பார்த்தார்கள். பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் அண்ணனைக் கேட்டார். அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சு வரும் இடங்களுக்கே போகாமல் இருந்துவிட்டார். காகிதம் ஒரு அங்குலம் நகரவில்லை.

பொருநைக்கரை அண்ணா கேட்ட கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். உங்கள் கடைக்கு வரும் மகனின் தங்கை நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது. இரண்டு அண்ணன்கள், நான், அம்மா. வீடு, கொஞ்சம் நஞ்சை. அண்ணன்கள் இருவருமே பொறுப்பானவர்கள்; அம்மாவுக்கு மாத்திரை ஒரு வேளை தவறாது. ஆனால் வாரிசுச் சான்றிதழ் என்ற சொல்லை மட்டும் எடுக்கவே மாட்டார்கள். ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எடுத்தால் அடுத்து என்னிடம் பேச வேண்டும். "விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுறியா, இல்ல பங்கு கேட்பியா" என்ற கேள்வி அவர்கள் தொண்டையில் நிற்கிறது. நான் பங்கு கேட்டால் வருத்தம். கேட்காமல் கையெழுத்துப் போட்டாலும் "தங்கச்சிய ஏமாத்திட்டோமோ" என்ற உறுத்தல் பெரிய அண்ணனுக்கு வரும், அவர் சுபாவம் அப்படி. எந்தப் பதில் வந்தாலும் வலிக்கும் என்றால் கேட்காமல் இருப்பதுதானே மனிதனுக்குச் சௌகரியம்.

என் பக்கம் மட்டும் என்ன? எனக்கும் சட்டம் தெரியும். அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் 1956-லிருந்தே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டு வந்தது. அப்போது மணமாகாத மகள்களுக்கு மட்டும்தான் அது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால் பொங்கலுக்குச் சீர் வரும் வீடு, என் பிள்ளைகள் லீவுக்குப் போய் நிற்கும் வீடு, அம்மா இருக்கும் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். எனக்குத் தெரிந்து பங்கு கேட்டதற்காகப் பிறந்த வீட்டு வாசல் மூடிப்போன பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அதனால் தாலுகா அலுவலகம் போகும் ஒரு நாளைத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று சொன்னால் அது உண்மையில்லை. தள்ளிப்போடுவது அந்தப் பேச்சை. விண்ணப்பம் போட்டால் பேச்சு வந்துவிடும் என்று விண்ணப்பத்தையும் சேர்த்துத் தள்ளுகிறோம். எங்களுக்குக் கெடு வைத்தாலும் சரி, திட்டினாலும் சரி, அந்தப் பயம் அப்படியேதான் இருக்கும்.

முன்னாள்_விஏஓ

பொன்னி மகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது இதுதான். "டாக்குமெண்ட் கிடைக்கல சார்" என்பார்கள். டாக்குமெண்ட் பீரோவில்தான் இருக்கும்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நிறையக் குடும்பங்களில் இரண்டு வேலைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு வாரிசுகள் பெயரைப் பதிவது ஒரு வேலை. வாரிசுகளுக்குள் யாருக்கு எது என்று பிரிப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்குச் சண்டை தேவையில்லை. இறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை இவற்றை வைத்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் கொடுப்பார். அதை வைத்து எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு இல்லாத இனம், அதாவது நிலத்தைத் துண்டாகப் பிரிக்காத வகை என்பதால் நில அளவர் வந்து சங்கிலி பிடிக்க வேண்டியதில்லை. யார் பங்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டப்படி ஏற்கனவே இருப்பதைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம், அவ்வளவுதான்.

பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது), விற்பனை எல்லாம் அதற்குப் பிறகு. அதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அவசரப்படுத்தி வாங்கிய விடுதலைப் பத்திரங்களால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வேலையை மட்டும் தள்ளக் கூடாது. பொருநைக்கரை சொன்ன மாதிரி, காலம் போகப் போகக் கையெழுத்து கூடிக்கொண்டே போகும்.

இறப்பைப் பதிவு செய்யாமலே விட்டவர்கள் யாராவது இருந்தால் உடனே பாருங்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

ஆய்வு_மாணவி

விஏஓ ஐயா சொன்னது எங்கள் துறையில் பேசப்படும் ஒன்றோடு சேர்கிறது. நான் உளவியல் படிக்கிறேன்.

பேட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளரும் வெரோனிகா பிரான்ட்ஷ்டெட்டரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தார்கள் என்று ஒரு அறிக்கை எழுதி 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். பாதிப் பேரிடம் மட்டும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்கினார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நேரத்துக்குள் முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

"பட்டா மாத்தணும்" என்பது ஆசை. அதற்கு ஒரு கிழமை கிடையாது. "வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போய்விட்டு வெளியே வந்ததும், எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அப்பாவின் இறப்புச் சான்றிதழை நாலு நகல் எடுப்பேன்" என்று எழுதிவிட்டால், வங்கி வாசலில் கால் வைக்கும்போதே அது நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மறுபடி யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம். ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் முதுகில் புதியதை ஏற்றிவிடுவது.

நூலகவாசி

நல்ல ஆய்வுதான், ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வோம். 2011-ல் கேத்ரின் மில்க்மன் குழு அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் இதே முறையை ஃபுளூ தடுப்பூசிக்குப் பயன்படுத்திப் பார்த்தது. தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிடச் சுமார் 4 சதவீதப் புள்ளி அதிகம். தேதியை மட்டும் எழுதியவர்களிடம் அந்த அளவு மாற்றம்கூடத் தெரியவில்லை. ஒரு தாளுக்கு 4 புள்ளி என்பது லாபம்தான். ஆனாலும் எழுதிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடவே இல்லை.

ஆய்வு_மாணவி

சரிதான். நேரம் குறிப்பதால் ஆசை பிறந்துவிடாது. ஆசை உறுதியாக இருந்து, மறதியோ வேலை நெருக்கடியோ தடுக்கும்போதுதான் அது நன்றாக உதவுகிறது. பொன்னி அக்கா வீட்டில் நடப்பது வேறு வகை. டிமதி பிச்சில், ஃபியூஷியா சிரோய் என்ற உளவியலாளர்கள் பல வருடமாக இதைத்தான் எழுதி வருகிறார்கள்: தள்ளிப்போடுவதை நேர நிர்வாகப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள், அந்த வேலை கிளப்பும் கசப்பான உணர்விலிருந்து இப்போதைக்குத் தப்பித்துக்கொள்வதாகப் பாருங்கள் என்று. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்ன அந்த நொடியில் மனசு லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் மறுநாளும் தள்ளிப்போட வைக்கிறது.

வெட்டொன்று அவர்களுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. பிச்சிலும் சக ஆய்வாளர்களும் 2010-ல் முதலாண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போட்டது குறைவு. திட்டு வாங்கினால் அந்த வேலையோடு அவமானமும் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதை எடுக்கும்போது இரட்டைக் கசப்பு.

நேர்வழி

எல்லாவற்றையும் மனசு மேலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். நேரில் போனால் "அவரைப் பாருங்க, இவரைப் பாருங்க" என்றார்கள். அந்த "பாருங்க"வுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அலைந்தும் நடக்காது என்று அனுபவத்தில் தெரிந்தவர் போகாமல் இருந்தால், அவர் தள்ளிப்போடுகிறார் என்று சொல்வது நியாயமா? அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

பொருநைக்கரை

நியாயம் இல்லைதான் நேர்வழி. என் மையத்திலும் இதைப் பார்க்கிறேன். இப்போது விண்ணப்ப எண்ணை வைத்து நிலவரம் பார்க்க முடிகிறது, நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும் என்பதெல்லாம் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் ஒரு முறை அலைக்கழிக்கப்பட்டவர் மறுபடி படியேற யோசிப்பார். அந்தத் தயக்கத்தையும் இவர்கள் தலையில் கட்டக் கூடாது. காரணமில்லாமல் திருப்பினால் ஒப்புகைச் சீட்டு நகலோடு கோட்டாட்சியருக்கு மனு போடுங்கள், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

கரிசல்காடு

இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவன், இதற்கு எழுதத் தோன்றியது.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, சொத்துத் தகராறும் இல்லை, அலுவலகத்தில் யாரும் அலைய விடவும் இல்லை. அம்மா இறந்த பிறகு குடும்ப அட்டையில் அம்மா பெயரை நீக்க வேண்டும், அது ஒன்றுதான். கைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் குடும்ப உறுப்பினர் பட்டியல் வரும். அம்மா பெயருக்கு நேராகத் தேர்வு செய்ய ஒரு கட்டம். காரணம் என்ற இடத்தில் "இறப்பு" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடம் வரை போவேன், மூடி வைத்துவிடுவேன். ரேஷன் கடையில் சேல்ஸ்மேன் கேட்கும்போதெல்லாம் "இந்த வாரம் பண்ணிடறேன்" என்று சொல்வேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. என் மாமா மகன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது சும்மா பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ அம்மாவப் பத்தி ஏதாவது சொல்லிட்டே இரு, நான் அமுக்குதேன்" என்றான். அம்மா பருத்தி எடுக்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. துக்கம் காரணமாக ஏதாவது நின்றுபோயிருந்தால் தனியாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆய்வு_மாணவி

கரிசல்காடு அண்ணா, எழுதியதற்கு நன்றி. உங்கள் மாமா மகன் செய்தது ரொம்பச் சரி. இதைப் படிக்கும் யாருக்காவது ஒரு வேலை மட்டும் என்றில்லாமல் எல்லாமே நின்றுபோய், தூக்கம், சாப்பாடு எதுவும் சரியில்லாமல் நாட்கள் போகிறது என்றால் அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு உங்களோடு நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பொருநைக்கரை

இத்தனை பேர் இத்தனை அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இதையெல்லாம் வைத்து என் மையத்தில் சில காரியங்களை மாற்றிவிட்டேன்.

முன்பு முழுப் பட்டியலையும் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளைப் பார்த்ததுமே மலைத்துப் போகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இனிமேல் ஒரே ஒரு வேலை எழுதிய சீட்டுதான் கொடுக்கிறேன். அதில் கிழமையும் நேரமும் அவர்கள் வாயாலேயே சொல்லி, அவர்கள் கையாலேயே எழுத வேண்டும். கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு அந்த நாளில் நானே கூப்பிடுகிறேன். இறப்புச் சான்றிதழை இணையத்தில் எடுக்க முடிந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். வெறுங்கையோடு போகாமல் முதல் காகிதத்தோடு போகிறார்கள்.

பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. அது பொன்னி எழுதியதால் வந்தது. இப்போது முதலில் கேட்பது "எல்லார்கிட்டயும் பேசியாச்சா?" என்பதைத்தான். பதில் வருவதற்கு முன் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. பேசவில்லை என்றால் விஏஓ ஐயா சொன்னதைச் சொல்கிறேன்: இப்போது பிரிக்க வேண்டாம், எல்லார் பெயரையும் ஏற்றுவோம், அதற்கு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நேற்று ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப தங்கச்சிக்கு இன்னைக்கே போன் போடலாமா?" என்றார். கடையிலிருந்தே போட்டார்.

வங்கி விஷயமும் ஒன்று. பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் கேட்டு வாங்க முடியும். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட ரிசர்வ் வங்கி 2023-ல் உத்கம் என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. அப்பா எங்கே பணம் போட்டார் என்றே தெரியாமல் நிற்கிறவர்கள் அங்கே பாருங்கள்.

சிங்கைவாசி

தேதியை அவர்கள் கையால் எழுத வைப்பது நல்ல யோசனை. உயில் பற்றியும் யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். இவ்வளவு சுலபமாக இருந்தும் எழுதியவர்களை எனக்குத் தெரிந்து விரல்விட்டு எண்ணலாம். அப்பாக்கள் தள்ளிப்போட்டதைத்தான் பிள்ளைகளும் தொடர்கிறோம்.

பொன்னி

விஏஓ ஐயா, உங்கள் பதிவை அப்படியே பெரிய அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வரிகூட நானாகச் சேர்க்கவில்லை. அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் இரவு அவரே கூப்பிட்டார். "கூட்டுப் பட்டான்னா எல்லார் பேரும் வரும்ல, உன் பேரும் வரும்ல?" என்று இரண்டு முறை கேட்டார். வரும் என்றேன். "தை பிறக்கட்டும், பார்ப்போம்" என்றார். நான் விடவில்லை. "பிரிக்கிறத தைக்கு மேல பேசிக்கலாம்ணா, ஆதார் நகல மட்டும் இந்த ஞாயித்துக்கிழமை குரூப்ல போடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன அண்ணன் போட்டுவிட்டார். அம்மாவுடையது என்னிடம் இருக்கிறது, போட்டுவிட்டேன். பெரிய அண்ணன் இன்னும் போடவில்லை. அண்ணியிடம் கேட்டிருக்கிறேன். பங்கு பற்றிய பேச்சு இன்னும் நடக்கவில்லை, அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. பயமும் போகவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வராமலே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு சந்தேகம். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. முதலெழுத்தும் மாறியிருக்கிறது. இதனால் விண்ணப்பம் நின்றுபோகுமா?

முன்னாள்_விஏஓ

நிற்க வாய்ப்பு உண்டு மகளே. விசாரணையில் இருவரும் ஒருவர்தானா என்று கேட்பார்கள். எது சரியோ அதற்கு ஏற்றபடி இன்னொன்றை முதலில் திருத்திவிடுங்கள். பெரிய அண்ணனுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதை முடித்துவிடலாம். இன்னொன்று, சில வீடுகளில் பிள்ளைகள் பெயரை மட்டும் போட்டுவிட்டு அம்மாவை விட்டுவிடுகிறார்கள். அம்மாவும் வாரிசுதான், அவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பொருநைக்கரை

பொன்னி, ஆதாரில் பெயர் திருத்தம் செய்ய அம்மாவை நேரில் அழைத்து வர வேண்டியிருக்கும், கைரேகை வைக்கணும். குடும்ப அட்டையில்தான் தவறு என்றால் இணையத்திலேயே திருத்தம் கேட்கலாம், அம்மாவை அலைக்க வேண்டாம். எதில் தவறு என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொன்னால் பக்கத்தில் இருக்கும் ஆதார் மையம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.